வீட்டுத் தோட்ட மூலிகைகள்: செடி பச்சையாக இருக்கிறது, வாசனை மட்டும் வரவில்லை, ஏன்?

நிழல்வெயில்:
எல்லோருக்கும் வணக்கம். பால்கனியில் திருநீற்றுப்பச்சை, புதினா, கொத்தமல்லி, ரோஸ்மேரி நான்கையும் தொட்டியில் வைத்திருக்கிறேன். திருநீற்றுப்பச்சை ஒற்றைக் குச்சியாக நெட்டையாகப் போய் நுனியில் பூ எடுத்துவிட்டது. கொத்தமல்லி நாலு தழை பறிப்பதற்குள் தண்டு நீட்டிப் பூக்கிறது. ரோஸ்மேரி அடியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. புதினா மட்டும் செழிப்பு, ஆனால் கசக்கி முகர்ந்தால் வாசனை மந்தமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தினமும் காலையில் ஒரே அளவு தண்ணீர், மாதம் ஒருமுறை நன்றாக உரம். இலைகளைப் பறிக்க மனம் வராமல் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறேன். எதை மாற்ற வேண்டும்?

வேர்முண்டு:
நீங்கள் எழுதியதிலேயே பதில் பாதி இருக்கிறது: ஒரே தண்ணீர், நிறைய உரம், பறிக்காமல் விடுவது. மூன்றையும் மாற்ற வேண்டும்.

முதலில் வாசனை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். புதினா, துளசி, ரோஸ்மேரி, தைம், கற்பூரவள்ளி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் இலைப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சுரப்பி முடிகள் இருக்கின்றன. மணம் தரும் எண்ணெய் அவற்றின் நுனிப் பைகளில்தான் சேர்கிறது. அதனால்தான் இலையை விரலால் லேசாகத் தடவினாலே மணக்கிறது. பூச்சிகளிடமிருந்தும் கிருமிகளிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி செய்து வைத்திருக்கும் பொருள் அது. அதைச் செய்ய வெளிச்சம் வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் படாத இடத்தில் செடி உயிரோடு இருக்கும், வளரவும் செய்யும், மணம் மட்டும் மெலிந்துவிடும். புதினா கொஞ்சம் நிழலையும் தாங்கும், ஆனால் அதற்கும் இதே கதைதான்.

அடுத்தது உரம். தழைச்சத்து அதிகமானால் இலை பெரிதாகி, சாறு நிறைந்து, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதே எண்ணெய் பெரிய இலையில் பரவிக் கிடக்கும். உங்கள் புதினாவுக்கு வெயிலும் குறைவு, உரமும் அதிகம் என்று நினைக்கிறேன். பால்கனிக்கு எத்தனை மணி நேரம் வெயில் வருகிறது?

நிழல்வெயில்:
காலையில் சுமார் 3 மணி நேரம். அப்புறம் சுவர் நிழல் விழுந்துவிடும்.

வேர்முண்டு:
அப்படியானால் அந்த 3 மணி நேரம் முழுக்க வெயில் படும் விளிம்பு ரோஸ்மேரிக்கும் திருநீற்றுப்பச்சைக்கும். புதினாவும் கொத்தமல்லியும் பின்னால் போகட்டும். தைம், ஆரிகானோ வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த இடத்துக்கு வேண்டாம். வெயில் போதவே போதாது என்றால் வெள்ளை எல்இடி விளக்கை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு 12 முதல் 14 மணி நேரம் எரிய விடலாம். ஜன்னலோரத்தில் வளர்ப்பவர்கள் இதை யோசிக்காமல் செடியைக் குறை சொல்கிறார்கள்.

தும்பைப்பூ:
பறிக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் வருத்தமாக இருக்கிறது. திருநீற்றுப்பச்சை நெட்டையாகப் போனதற்கு அதுவே காரணம். நுனி மொட்டு இருக்கும்வரை கீழே உள்ள பக்க மொட்டுகளை அது தூங்கவைத்திருக்கும். நுனியைக் கிள்ளினால் அதற்குக் கீழே இலையிடுக்கில் இருக்கும் இரண்டு மொட்டும் ஒரே நேரத்தில் விழிக்கும். ஒரு தண்டு இரண்டாகும், அந்த இரண்டையும் கிள்ளினால் நான்கு. செடி ஒரு சாண் வளர்ந்து மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் முதல் கிள்ளல் தொடங்க வேண்டும்.

எங்கே கிள்ளுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே, அரை விரற்கடை தண்டு விட்டு வெட்டுங்கள். அந்த ஜோடியின் இடுக்கில் குட்டி இலைகள் எட்டிப் பார்ப்பது தெரிந்தால் சரியான இடம். ஒவ்வொன்றாக அடியிலுள்ள பெரிய இலைகளைப் பறிப்பது தவறு. செடிக்கு உணவு சமைப்பவை அவைதான், அவற்றை எடுத்துவிட்டு நுனியை விட்டுவைத்தால் மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

பூ வந்துவிட்டதே என்று கவலை வேண்டாம். பூங்கொத்தை இரண்டு கணு கீழே சேர்த்து வெட்டிவிடுங்கள், மீண்டும் தழைக்கும். ஆனால் பூத்து விதை பிடிக்கும்வரை விட்டால், ஒரு பருவச் செடி என்பதால், தன் வேலை முடிந்தது என்று வாடத் தொடங்கிவிடும். வெட்டிய நுனிகளைத் தூக்கிப் போடாதீர்கள், பூ இல்லாத துண்டைத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும்.

நிழல்வெயில்:
அக்கா, இன்றே வெட்டிவிட்டேன். பார்க்க மொட்டையாக இருக்கிறது, பரவாயில்லையா?

தும்பைப்பூ:
பரவாயில்லை. கீழே இரண்டு மூன்று ஜோடி இலை நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் போதும்.

மண்வெட்டி:
வேர்முண்டு அண்ணா உரத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வெயில் வறட்சியில் கல்லும் மண்ணுமான சரிவில் வளரும் ரோஸ்மேரி, தைம், ஆரிகானோவுக்கு அது பொருந்தும். திருநீற்றுப்பச்சை, கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லி நால்வரும் தழைக்காரர்கள். வாரா வாரம் அறுவடை செய்தால் அந்தச் சத்து தொட்டிக்குள் எங்கிருந்து வரும்? தொட்டி மண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்து கரைந்து அடியில் ஓடிவிடுகிறது. உரமே போடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் கீழ் இலைகள் வெளிறி மஞ்சளாகும். மணம் குறைவதைவிட அது மோசம்.

வேர்முண்டு:
நியாயமான பேச்சு, நான் எல்லாச் செடியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன். ஆனால் "மாதம் ஒருமுறை நன்றாக" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மொத்தமாகக் கொட்டினால் ஒரு வாரம் வெள்ளம், மூன்று வாரம் பட்டினி. தழைக்காரர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அட்டையில் போட்டிருக்கும் அளவில் பாதியைக் கரைத்து ஊற்றுங்கள், அல்லது ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறி விடுங்கள். ரோஸ்மேரிக்கு மண் மாற்றும்போது கொஞ்சம் மக்கிய உரம் கலந்தால் அதற்குமேல் தேவையில்லை.

மண்வெட்டி:
இதற்கு நான் சம்மதம்.

பசுந்தாள்:
கொத்தமல்லியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அது சீக்கிரம் பூப்பது உங்கள் பராமரிப்புக் குறை அல்ல, அதன் இயல்பு. பகல் நீண்டு வெப்பமும் ஏறினால் தழையை விட்டுத் தண்டை நீட்டிப் பூக்கப் போய்விடும். வேர் கலைந்தாலும், தண்ணீர் ஒரு நாள் தவறிக் காய்ந்தாலும் அந்த அவசரம் கூடும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்று பிடுங்கி நடுவது அதற்கு ஆகாது. நேரடியாக 20 செ.மீ. ஆழமாவது உள்ள தொட்டியில் விதையுங்கள்.

நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதை ஒட்டி இருக்கும். உள்ளங்கையில் வைத்து மென்மையாக அழுத்தி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் போடுங்கள். முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். அதைவிட முக்கியமானது: ஒரே தொட்டியில் மொத்தமாக விதைக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே இருங்கள். ஒன்று பூக்கப் போகும்போது அடுத்தது தழைக்கு வந்துவிடும். கொத்தமல்லியை நிலையாக ஒரு செடியாக வைத்திருக்க முயல்வதில்தான் எல்லோருக்கும் ஏமாற்றம் வருகிறது. வெயில் கடுமையான மாதங்களில் மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம் அதற்கு நல்லது, உங்கள் பால்கனி அதற்கு ஏற்றதே.

நிழல்வெயில்:
ரோஸ்மேரியைக் காப்பாற்ற முடியுமா? தண்ணீர் பற்றாமல்தான் காய்கிறது என்று இன்னும் கூடுதலாக ஊற்றினேன்.

வேர்முண்டு:
உடனே நிறுத்துங்கள். ரோஸ்மேரியில் நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை காய்ந்து உதிரும், நீர் போதாமல் போனாலும் அதேதான். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் நீர் மிகுதிதான். செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல வெளியே எடுங்கள். வேர் வெளிறி உறுதியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, கொழகொழத்து, நாற்றம் வந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு புதுக்கலவையில் நடுங்கள்: பாதி மண்கலவை, பாதி பருமணல் அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்). சுட்ட மண்தொட்டி இதற்கு நல்லது, பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும்.

மேலே பச்சையாக இருக்கும் பகுதிக்குக் கீழே இலையே இல்லாத பழைய கட்டைத் தண்டில் வெட்டாதீர்கள், அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. தைமுக்கும் லாவெண்டருக்கும் இதே எச்சரிக்கை. செடி போய்விடும் என்று தோன்றினால் பச்சை நுனிகளில் ஒரு விரல் நீளத் துண்டுகள் எடுத்து, அடி இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் நட்டு மேலே ஒரு கண்ணாடிக் குடுவை கவிழ்த்து வையுங்கள். விதையிலிருந்து வளர்ப்பதைவிட இதுதான் எளிது.

மண்வெட்டி:
தொட்டி அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடியாதா அண்ணா? நான் எப்போதும் போடுகிறேன்.

பசுந்தாள்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். அடியில் கல் போட்டால் நீர் வேகமாக வடியும் என்று எல்லோரும் நம்புகிறோம், ஆனால் நடப்பது எதிரானது. நுண்ணிய துளைகள் உள்ள மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே உள்ள பெரிய இடைவெளிக்கு எளிதில் விடாது. மண் முழுக்கச் சொட்டச் சொட்ட ஆன பிறகுதான் கல்லுக்குள் இறங்கும். எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் ஈரப்பட்டை தேங்கி நிற்கும். கல் போட்டால் அந்தப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டையில் மண் கொட்டாமல் இருக்க ஒரு வலைத்துண்டு போதும். வடிகால் வேண்டுமென்றால் பருமணலைக் கலவை முழுதும் கலக்க வேண்டும். தட்டில் தேங்கும் தண்ணீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

மண்வெட்டி:
நன்றி. அடுத்த தொட்டியில் கல் போடப்போவதில்லை.

தும்பைப்பூ:
புதினாவுக்கு ஒரு வார்த்தை. அதற்குத் தனித் தொட்டிதான். மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகள் பக்கத்துச் செடியின் வேருக்குள் புகுந்துவிடும், நிலத்தில் நட்டால் ஒரு பருவத்தில் பாத்தியே அதுவாகும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து, வேரை இரண்டு மூன்றாகப் பிரித்து, இளந்தண்டு உள்ள பகுதியைப் புதுமண்ணில் வையுங்கள். நடுவில் பழைய வேர் நெருக்கியடித்துக் கிடந்தால் மெலிந்த குட்டி இலைதான் வரும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடிப்புள்ளி கண்டால் அது துருநோய். அந்தத் தண்டுகளை மண்மட்டத்துக்கு வெட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மறுபடி வளர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் விதையைத் தேட வேண்டாம், கலப்பு வகைகள் பல விதையில் தாயைப் போல வருவதில்லை. மணம் பிடித்த செடியிலிருந்து ஒரு தண்டு எடுங்கள்.

இளந்தளிர்:
பின்னால் சேர்ந்துகொள்கிறேன். இலைச்சாறு உறிஞ்சும் அசுவினியும் சிலந்திப்பேனும் வந்தால் என்ன தெளிக்கலாம்? சாப்பிடும் இலை என்பதால் பயமாக இருக்கிறது.

மண்வெட்டி:
முதலில் தண்ணீர். இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலான அசுவினி கீழே விழும். தொடர்ந்து சில நாள் செய்ய வேண்டும். சிலந்திப்பேன் வறண்ட காற்றில் பெருகும், அதற்கும் இதே கழுவல் உதவும். அப்போதும் போகவில்லை என்றால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மி.லி., சில சொட்டு மென்மையான சோப்புக் கரைசலோடு, மாலையில். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள், சில செடிக்கு இலை கருகும். தெளித்த இலை கசக்கும். எனவே பறிக்க வேண்டியதை முன்பே பறித்துக்கொண்டு, தெளித்த பின் வரும் புதுத்தழைக்குக் காத்திருங்கள். அலங்காரச் செடிக்கு விற்கும், வேர் வழியாக உறிஞ்சப்படும் மருந்துகளை மூலிகைக்குப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள், அவற்றை இலையிலிருந்து கழுவவே முடியாது. வெளியிலிருந்து வாங்கி வந்த செடிக்கு என்ன அடித்தார்கள் என்று தெரியாததால், வந்ததும் ஒரு முறை வெட்டிவிட்டு புதுத்துளிரை மட்டும் பறியுங்கள்.

வேர்முண்டு:
அறுவடைக்கு நேரம் காலை. பனி காய்ந்து, வெயில் கடுமையாகும் முன். அப்போது இலை விறைப்பாக, எண்ணெய் நிறைந்து இருக்கும். பூக்கத் தொடங்கும் தருவாயில் மணம் உச்சத்தில் இருக்கும், பூ விரியும் முன் வெட்டிவிடுவது நல்லது.

பறித்ததைச் சேமிப்பதில் செடிக்குச் செடி வழக்கம் வேறு. திருநீற்றுப்பச்சையைக் குளிர்பெட்டியில் வைத்தால் கறுத்துப்போகும், குளிர் அதற்கு ஆகாது. பூச்சாடியில் வைப்பதுபோல் தண்ணீரில் தண்டை நிறுத்தி வெளியிலேயே வையுங்கள். கொத்தமல்லியும் பார்ஸ்லியும் நேரெதிர்: தண்ணீரில் நிறுத்தி மேலே ஒரு பையைக் கவிழ்த்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலும் புதிதாக இருக்கும்.

தும்பைப்பூ:
காய வைக்கவும் எல்லாம் ஒத்துவராது. ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ, சேஜ் காய்ந்த பிறகும் மணக்கும், சிலநேரம் கூடுதலாகவே. புதினா ஓரளவு தாங்கும். கொத்தமல்லித் தழையைக் காயவைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும், அதை நறுக்கிப் பனிக்கட்டித் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு உறையவையுங்கள். திருநீற்றுப்பச்சையும் அப்படியே. காய வைப்பதென்றால் நேர்வெயிலில் போடவே கூடாது, நாம் பாதுகாக்க நினைக்கும் எண்ணெய் அதில்தான் பறக்கிறது. நிழலில், காற்றோடும் இடத்தில், சிறு சிறு கட்டுகளாகத் தொங்கவிடுங்கள். காற்று ஈரமாக இருந்தால் பூசணம் பிடிக்கும், அப்போது 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தும் கருவி நல்லது. இலை நொறுங்கி, தண்டு மடியாமல் ஒடிந்தால் காய்ந்துவிட்டது. முழு இலையாகவே புட்டியில் மூடி இருட்டில் வையுங்கள், பயன்படுத்தும்போது மட்டும் கசக்குங்கள். காய்ந்ததில் ஒரு தேக்கரண்டி, புதிய இலையில் ஏறக்குறைய மூன்று தேக்கரண்டிக்குச் சமம்.

சமையலில் கட்டைத்தண்டுச் செடிகள் தொடக்கத்திலேயே போகலாம், வேக வேகத்தான் மணம் இறங்கும். மென்தழைகள் அடுப்பை அணைத்த பிறகு.

இளந்தளிர்:
தழையையும் பூண்டையும் எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கலாமா? நிறையப் பேர் அழகான புட்டியில் வைத்துப் படம் போடுகிறார்கள்.

வேர்முண்டு:
தயவு செய்து வேண்டாம். இதைச் சொல்லாமல் நான் விடமாட்டேன். மண்ணில் வளரும் எந்த இலையிலும் பூண்டிலும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். சாதாரணமாக அவற்றால் தொல்லை இல்லை. ஆனால் காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் கிடைத்தால் முளைத்து நச்சு உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பச்சை இலை அதற்கு அப்படியே பொருந்துகிறது. அந்த நச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நரம்பைத் தாக்கி மூச்சுத் தசையையே நிறுத்தக்கூடியது. வேண்டுமானால் அன்றன்றைக்குச் செய்யுங்கள், மீந்தால் குளிர்பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் என்றால் உறைய வையுங்கள். வினிகரில் ஊறவைப்பது வேறு, அதன் புளிப்பில் இந்தப் பாக்டீரியா வளராது.

இளந்தளிர்:
நல்லவேளை கேட்டேன். இன்னொன்று: கைக்குழந்தைக்குச் சளி என்றால் தோட்டத்து இலையை அரைத்துத் தரலாமா? என் வீட்டில் எல்லோரும் தரச் சொல்கிறார்கள்.

பசுந்தாள்:
குழந்தை மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். இலையை நாம் சமையலில் சேர்ப்பதும், மருந்தாக அடர்த்தியாகக் கொடுப்பதும் வேறுவேறு. புதினாவின் மெந்தால், கற்பூரம் போன்றவற்றைச் சிறு குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில் தடவினால் மூச்சுத்திணறல் வரக்கூடும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, அதே பொட்டுலினம்தான் காரணம்.

பெரியவர்களுக்கும் சில எச்சரிக்கை. வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமை மருந்து எடுப்பவர்கள் பார்ஸ்லியை திடீரென்று அதிகமாகச் சாப்பிட்டால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா சிலநேரம் அதைக் கூட்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புட்டியில் வரும் மூலிகை எண்ணெயை உள்ளே குடிக்கவே கூடாது, கிலோக் கணக்கான இலையின் சாரம் அது. பெயர் உறுதியாகத் தெரியாத செடியின் இலையை எதற்கும் தொட வேண்டாம். கொத்தமல்லிக் குடும்பத்தில் பார்ஸ்லியைப் போன்ற தோற்றம் கொண்ட கொடிய நச்சுச்செடிகள் உண்டு.

இளந்தளிர்:
மிக்க நன்றி. இதைக் காட்டி வீட்டில் பேசிவிடுகிறேன்.

நிழல்வெயில்:
திரும்பி வந்திருக்கிறேன். திருநீற்றுப்பச்சை ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு கிளை விட்டிருக்கிறது. ரோஸ்மேரி வேரில் பாதி அழுகியிருந்தது, மணல் கலவைக்கு மாற்றியதும் மேலே புதுத்துளிர் தெரிகிறது. புதினா முன்பைவிடச் சிறிய இலை, ஆனால் தொட்டாலே மணக்கிறது. பூத்துவிட்ட பழைய கொத்தமல்லி மட்டும் நிற்கிறது. பிடுங்கிவிடவா?

பசுந்தாள்:
பிடுங்காதீர்கள். அந்தச் சிறு வெள்ளைப் பூக்களுக்குத் தேனீக்களும், மிதந்து நிற்பதுபோல் பறக்கும் கோடு போட்ட சிறு ஈக்களும் வரும். அந்த ஈயின் புழுக்கள் அசுவினியைத் தின்னும், மண்வெட்டி சொன்ன வேப்பெண்ணெய்க்குத் தேவையே குறையும். காய் பச்சையாக இருக்கும்போது பறித்து நசுக்கிப் பாருங்கள், தழையின் மணமும் மல்லியின் மணமும் சேர்ந்து வரும். முற்ற முற்றத் தழைமணம் மறைந்து லினலூல் என்ற பொருளின் இனிய மணம் மேலோங்கும்.

காய்களில் பெரும்பகுதி பழுப்பானதும் தண்டோடு வெட்டி, தலைகீழாக ஒரு காகிதப் பைக்குள் தொங்கவிடுங்கள். உதிர்வதெல்லாம் பைக்குள் விழும். இரண்டு வாரம் காய்ந்ததும் கையால் உருவி, ஊதிப் புடைத்து, பாதியைச் சமையலுக்கும் பாதியை விதைக்கும் ஒதுக்குங்கள். விதைக்கான பாதியை மூடிய புட்டியில் ஈரம் படாமல் வைத்தால் சில ஆண்டுகள் முளைப்புத்திறன் இருக்கும். வெப்பம் கொஞ்சம் தணிந்ததும் முதல் விதைப்பைத் தொடங்கிவிடுங்கள், இரண்டு மூன்று வார இடைவெளியை மறக்க வேண்டாம்.